சாயப்பட்டறைக் கழிப்பறை

சாயப்பட்டறையின் கழிப்பறைக்குப் பெண்கள் யாரும் போவதில்லை. அதிலுள்ள கருவி சிறுநீரிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய மரபுத் துணுக்குகளைப் படித்து, புற்றுநோய் தலைகாட்டும் முன்பே மேலாளருக்குச் சொல்லிவிடும். பிறகு அந்த ஆளுக்கு வேலை இருக்காது. அதனால் அங்கே துணிக்குச் சாயமேற்றும் தர்ஷிணியும் காலையில் வந்தால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டேதான் நின்றாள்.

அடிவயிற்று வலி பொறுக்காமல் டாக்டரிடம் போனாள்.

"சாயத்துல வேலை செஞ்சுட்டு, மூத்திரத்தை நாள் முழுக்கத் தேக்கி வெச்சா இல்லாத நோயும் வந்துரும்மா," என்றார் அவர்.

"போனா வேலை போயிருமுங்க."

டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் துணியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு தர்ஷிணி கிளம்பினாள். பக்கத்துத் தொட்டி மிதுனா கையைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா!"

"முடியலடி. விடு."

உள்ளே உட்கார்ந்ததும் பெரிய பாரத்தை இறக்கிவைத்தது போலிருந்தது. அழுகை வந்தது.

சற்று நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சுங்க. சுலபமாக் குணமாயிரும். நாளையிலிருந்து வர வேண்டாங்க."

அவள் செருப்பை மாட்டும்போது மிதுனா ஓடிவந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"பொழச்சுக்குவேனாம்."

மிதுனாவின் முகம் மலர்ந்தது. "அப்ப வேலை?"

தர்ஷிணி உதட்டைப் பிதுக்கினாள். "நீயும் அடக்காதடி. போய்ட்டு வா."

மிதுனா தலையாட்டினாள். ஆனால் கழிப்பறைப் பக்கம் திரும்பாமல் தன் தொட்டிக்கே போனாள்.