நாலு வருஷத்துக்கு ஒரு தேதி

“இவ தாலியக் கழட்டினாத்தான் எங்க குடும்பம் உருப்படும் சாமி,” என்றார் வைரக்கண்ணு. பக்கத்தில் நின்ற தம்பி மனைவி வினோதினியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடக் கரை. காலையில் திதி கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், காக்கைகள் மட்டும் போகவில்லை. ஐயர் ஈரத் துண்டைப் பிழிந்தபடி வினோதினியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

பொட்டுக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ரெட்டிபாளையத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்த அவள் கணவன் மணிவேல் வேலைக்கும் போய்ச் சேரவில்லை, விக்கிரமங்கலத்துக்குத் திரும்பவும் இல்லை.

அன்று பெரம்பலூருக்குப் போயிருந்த வைரக்கண்ணுவுக்குச் சாயங்காலம் போனில்தான் சேதி தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு வந்தார். லாக்டவுன் போட்டு ஊரே முடங்கும்வரை தம்பியைத் தேடி அலைந்ததும் அவர்தான்.

பாவம், இப்போது அவர் மகள் சிவரஞ்சனி சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மணிவேல் பசியோடு அலைகிறான், அவனுக்குத் திதி கொடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்காகத்தான் வினோதினி மனசு இறங்கினாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

“காணாமப் போனவங்களுக்கு அமாவாசையில குடுப்பாங்களாமே மாமா?” என்று வரும் வழியில் கேட்டாள்.

“அமாவாசை எல்லாருக்கும் பொது. அவனுக்குன்னு உள்ள நாள்ல குடுத்தாத்தான் அடங்குவான். காணாமப் போனவன்னு சொன்னா ஐயர் தயங்குவாரு. நீ வாயத் தொறக்காத.”

அவளும் திறக்கவில்லை.

“எப்போ தவறினார்?” என்றார் ஐயர்.

“ரெண்டாயிரத்து இருபது, பிப்ரவரி இருபத்தொம்பதுங்க.”

ஐயர் சிரித்தார். “நாலு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற தேதின்னா அது. வருஷத்துக்குக் கால் நாள் மிஞ்சறதேன்னு சேர்த்து வச்சு ஒட்டின நாள். காலண்டர்காரனுக்குத்தான் அந்தக் கவலை. திதி வருஷா வருஷம் வந்துடும்.”

செல்போனில் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார்.

“அன்னிக்கு ரெண்டு திதி இருக்கே. காலம்பற ஒன்பது மணி வரைக்கும் வளர்பிறை பஞ்சமி, அதுக்கு மேல சஷ்டி. உயிர் எப்போ போச்சு?”

வினோதினி ஏதோ சொல்ல வந்தாள். வைரக்கண்ணு முந்திக்கொண்டார்.

“நேரமெல்லாம் எதுக்குங்க சாமி?”

“தெரியலேன்னா சொல்லுங்கோ, பஞ்சமின்னு வச்சுண்டு நாள் குறிச்சுடறேன். ஆனா ஒண்ணு. திதி தப்பினா பிண்டம் போய்ச் சேராது. பசியும் அடங்காது.”

வைரக்கண்ணுவின் முகத்தில் ரத்தம் சுண்டியது. வீட்டில் கிடக்கும் மகளை நினைத்திருப்பார். பெற்றவன் பயம் பொல்லாதது.

ஐயர் துண்டுக் காகிதத்தில் பஞ்சமி என்று எழுதத் தொடங்கினார். வைரக்கண்ணு எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொடக்கூடாது என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

“பஞ்சமி வேணாம் சாமி. சஷ்டின்னு போடுங்க. பத்து மணி தாண்டியும் மூச்சு இருந்துச்சு.”

ஐயர் தலையாட்டிவிட்டு, எழுதியதை அடித்து மாற்றினார். வைரக்கண்ணு நிம்மதியாக மூச்சு விட்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

வினோதினி குரலை உயர்த்தவே இல்லை.

“கிட்ட இருந்து பாத்தீங்களா மாமா?”