மலையிலிருந்து இறங்கி வந்த தடம்

தடம் மலையிலிருந்து இறங்கி வந்தது. தடத்துக்குச் சொந்தக்காரரான தொகுஜியோ மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

பனியில் கால் புதையாமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் மர வளையங்களை அவர் முன்பின்னாக மாற்றிக் கட்டியிருந்தார். அகலமான முன்பக்கம் குதிகாலுக்குப் போய்விட்டது. கீழே சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ விடிவதற்கு முன்பே பின்பக்கச் சரிவில் ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு, இந்தப் பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும்.

எல்லோருக்கும் தோன்ற வேண்டியதில்லை. மிசாவோ ஒருத்திக்குத் தோன்றினால் போதும்.

பெரும்பனி கொட்டி ஓய்ந்த முதல் தெளிந்த காலையில் தனியாக மலையேறி, உச்சிக் கோயில் பைன் மரத்தில் கட்டியிருக்கும் சிவப்புத் துணியை யார் அவிழ்க்கிறாரோ, அவர் வீட்டுக் கூரைப் பனியை அந்தக் குளிர்காலம் முழுக்க மற்றவர்கள் தள்ளிவிட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம்.

போன வருடம் துணி மிசாவோவிடம் போயிற்று. ஊரிலேயே பெரிய கூரை அவள் நடத்தும் விடுதிக் கூரைதான். தொகுஜி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே நின்று பனியை அள்ள, அவள் கீழே நின்று, இடது மூலையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கை காட்டினாள். இடது மூலையில் கொஞ்சம் இருந்ததும் உண்மைதான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

காலையில் அவர் வளையங்களைத் திருப்பிக் கட்டுவதைப் பார்த்த மனைவி ஹத்சு, இடுப்போடு சேர்ந்து மூளையும் பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். தடத்தைப் பார்த்ததும் துணி போய்விட்டது என்று மிசாவோ வீட்டுக்குத் திரும்பிவிடுவாளாம். ஹத்சு சிரிக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

“அவ திரும்பாம, போட்ட தடத்துலயே நோகாம ஏறி வந்துட்டா?”

“வந்தா திருட்டு,” என்றார் தொகுஜி.

தொடையளவு பனியில் ஒருவர் நெஞ்சு வலிக்கத் தடம் போட்டுக்கொண்டிருக்க, பின்னாலேயே சொகுசாக வந்து அவரை முந்துவதற்குத் தடத்திருட்டு என்று பெயர். அப்படி எடுத்த துணி செல்லாது. போட்டவர் இறங்கி வீடு சேர்ந்த பிறகுதான் தடம் ஊருக்குப் பொதுவழி. கீழ்த்தெருக்காரன் ஒருவன் எப்போதோ ஒருமுறை திருடினான். இன்றைக்கும் அவன் வெந்நீர் ஊற்றில் இறங்கினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே அந்தக் கவலை இல்லை. வேறு கவலைகள் இருந்தன. வளையத்தின் குறுகிய பக்கம் முன்னால் வந்துவிட்டதால், நான்கு எட்டுக்கு ஒருமுறை அது பனிக்குள் குத்திக்கொண்டு நின்றது. காலை உருவி எடுத்தால் இடுப்பு கத்தியது. தேவதாரு மரங்கள் வேறு, அவர் அடியில் வரும்வரை காத்திருந்தாற்போல் கிளைப் பனியைப் பிடரியில் கொட்டின. ஆனாலும் தொகுஜிக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. இந்நேரம் மிசாவோ தடத்தைப் பார்த்திருப்பாள். முகம் சுருங்கியிருக்கும். இந்த வருடம் கூரையில் அவள் நிற்பாள், கீழே நின்று இவர் கை காட்டுவார். எந்த மூலை என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

கடைசிச் சரிவு வந்தது. வெள்ளை மரத்தில் சிவப்புத் துணி, கூப்பிடு தூரத்தில். இடுப்பு இனி ஓர் அடி நகராது என்றது. திரும்பிப் பார்த்தார். கீழே தேவதாரு மரங்கள் மறைக்கும் இடம் வரைக்கும் வெயிலும் அவருடைய ஒற்றைத் தடமும்தான். எவரும் இல்லாத மலையில் என்ன அவசரம் என்று பனியிலேயே உட்கார்ந்தார். மடியிலிருந்த சோற்று உருண்டையை எடுத்து, நடுவில் வைத்திருந்த புளிப்புப் பழம் வரைக்கும் கடித்தார்.

“சாப்பிடுங்கண்ணே, எந்திரிக்காதீங்க.”

மிசாவோ அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கடைத்தெருவுக்குக் கிளம்பியவள் போல இருந்தாள். மிச்சமிருந்த சரிவில் அவளே தடம் போட்டுக்கொண்டு ஏறினாள். தொகுஜி பதறி எழுந்தார். வளையம் குத்திக்கொண்டது. வாயில் சோறும் மூக்கில் பனியுமாகக் குப்புற விழுந்தார்.

தலையைத் தூக்கியபோது அவள் கோயிலைக் கும்பிட்டு முடித்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“மிசாவோ, அது செல்லாது. நீ திருடியிருக்கே.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. யாரோ மலையிறங்கி வீட்டுக்குப் போன தடத்தைத்தான் பார்த்தாளாம். துணிதான் போய்விட்டது, வழி இருக்கிறதே, சாமியையாவது கும்பிடலாம் என்று ஏறினாளாம். வந்து பார்த்தால் துணி மரத்திலேயே இருக்கிறது. ஒருவர் இன்னும் தடம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அதில் காலே வைத்திருக்க மாட்டாளாம்.

“அது எறங்கின தடம் இல்ல. நான் ஏறின தடம்.”

மிசாவோ துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, குப்புறக் கிடந்தவரின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொகுஜி அவற்றைப் பனிக்குள் இழுத்துக்கொண்டார்.

“சரிண்ணே. அதை அப்படியே ஊர்ல வந்து சொல்லுங்க.”