மூன்றாவது பீப்பாய்

டாக்டர் ஹாசல்பிரிங் கண்களை மூடி, ஒயின் கோப்பைக்குள் மூக்கை நுழைத்து, பத்து எண்ணும் வரை அசையாமல் இருந்தார். பிறகு மூக்கை வெளியே எடுத்து, அஞ்சலி செலுத்தி முடித்தவர் போல மெல்லத் தலையசைத்தார்.

ஒரு வாசனையும் வரவில்லை. போன அக்டோபரில் வந்த காய்ச்சல், போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. புளிப்பு, இனிப்பு என்று நாக்கு சொல்வதுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாற்றுக்கு வேண்டுமானால் மார்க் போடலாம்.

ஆனால் அவர் பத்திரிகையில் போடும் மார்க்கைப் பார்த்துத்தான் பாதி ஜெர்மனி ஒயின் வாங்கியது. போன மாதம், நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்த ஒரு ஒயினுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டுவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு மாற்றிவிடுவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு வந்து மாட்டியிருப்பதோ லியோபா தீலனிடம். மோசல் ஆற்றங்கரையில், ஆடே ஏறத் தயங்கும் சரிவில் திராட்சை வளர்ப்பவள். மூடிய பீப்பாயைத் தாண்டி நடந்தாலே உள்ளே இருப்பது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள் என்பது ஊர்ப் பேச்சு. முன்பொரு நிபுணருக்கு ஒரே ஒயினை இரண்டு தடவை ஊற்றிக் கொடுத்து, அவர் இரண்டு விதமாக வர்ணித்ததை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள்.

வந்ததுமே அவரை உட்காரவைத்து, வெங்காய ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அதற்குள் புது ஒயின் மூன்றையும் பார்த்துவிடலாம் என்றாள். அது நடந்து ஒரு மணி நேரம் இருக்கும். டாக்டர் எதிலும் அவசரப்படுகிறவர் அல்ல, அதிலும் விடை தெரியாதபோது.

மூக்கு போன பின் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. தன் நல்ல ஒயினை ஊற்றும்போது எந்தத் திராட்சைத் தோட்டக்காரர் முகமும் பிள்ளையை மேடையேற்றிய தாயின் முகம் ஆகிவிடும். அதைப் பார்த்து மார்க் போட்டுவிடுவார். லியோபாவின் முகம் பூட்டிய பெட்டி போல இருந்தது. அவர் அவளையே பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள். நடுவில் ஒயின் சூடேறிக்கொண்டிருந்தது.

"முதல் பீப்பாய் எப்படி, டாக்டர்?"

"கட்டுக்கோப்பா இருக்கு."

"அதேதான் நானும் நினைச்சேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது இன்னும் தூங்குகிறது, எழுப்பக் கூடாது என்றார். அதையும் எழுதினாள். சாட்சியம் சேர்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

"மூணுல ஒண்ணை மட்டும் தனிப் பேர் போட்டு பாட்டில்ல அடைக்கப்போறேன்" என்றாள் லியோபா. "எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கண்ணி என்றால் இதுதான் கண்ணி. மூன்றாவது கோப்பையில் குனிந்தபோது அவர் கண்ணாடி நழுவியது. அதைப் பிடித்து நிறுத்தப் புருவத்தை உயர்த்தினார். உடனே லியோபாவின் புருவமும் உயர்ந்தது.

டாக்டருக்கு உயிர் வந்தது.

"இதுதான், அம்மணி. மழை விட்டதும் கற்பலகையிலேர்ந்து எழும்புற மணம். வெள்ளை பீச் பழம். கடைசியில, எங்கேயோ தூரத்துல, லேசா ஒரு புகை."

"புகை" என்று எழுதினாள் லியோபா. "ஆமா. கடைசியிலதான் வருது."

"தொண்ணூத்தி நாலு."

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அப்போது தெருக்கதவு படீரென்று திறந்தது. தபால்காரி கெசீனா, மூக்கைக் கழுத்துத் துணியால் பொத்தியபடி, வணக்கம்கூடச் சொல்லாமல் அவர்களைத் தாண்டிச் சமையலறைக்குள் ஓடினாள். ஜன்னல் திறக்கும் சத்தமும், தகரம் உருளும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தவள் கரிக்கட்டை ஒன்றைத் தட்டோடு மேஜையில் வைத்தாள்.

"தெரு முனையிலயே தொண்டையைப் பிடிக்குது. வீட்ல யாரும் இல்லன்னு நினைச்சு ஓடி வந்தேன். ஏன் லியோபாக்கா, ரெண்டு பேரும் இங்கயேவா உக்காந்திருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஈரத்துணி தேடி உள்ளே போனாள்.

டாக்டருக்கு நாற்காலி நழுவுவது போல இருந்தது. ரொட்டி கருகுவது தெரியாதவனுக்குச் சமையல் குறிப்புப் பக்கம்கூடக் கிடைக்காது. லியோபா சிரிக்கப் போகிறாள், நாளைக்கு மோசல் முழுக்கச் சிரிக்கும் என்று தலை குனிந்து காத்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை. லியோபா கருகிய ரொட்டியைப் பார்த்தாள்; தான் எழுதிய நோட்டைப் பார்த்தாள். பிறகு தபால்காரிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குமா, டாக்டர்?"