சிவப்புக் கோடு

"மாப்ளே, இது மூணாவது தடவை. இன்னிக்கும் சரியாகலைன்னா படகை வித்துடுவேன்!"

அக்கா புருஷன் போட்ட சத்தத்தில் படகுத்துறையே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டான் மெக்கானிக். துறையில் பாதிப் படகுகள் அவன் கை பட்டவை. மாமாவின் படகால்தான் அவன் மானம் கப்பலேறியது.

அது போனால் போகட்டும். ரிட்டையரான மாமா வீட்டைவிட்டு வெளியே வருவதே இந்த மோட்டார் படகுக்காகத்தான். இதையும் விற்றுவிட்டால் மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவனுக்குப் பயம்.

"வேகமெடுத்தா படகோட மூக்கு தவளை மாதிரி குதிக்குதுடா. இடுப்பு கழண்டுடும்போல இருக்கு."

"டிரிம்மை ரெண்டு புள்ளி இறக்குங்க மாமா. பின்னால மோட்டார் உள்பக்கமா சாயும். மூக்கு தானா அடங்கும்."

"அந்தப் பேச்சே வேணாம்!" டிரிம் மீட்டர் கண்ணாடியில் நெயில் பாலிஷால் இழுத்திருந்த சிவப்புக் கோட்டைத் தட்டினார். "உங்க அக்கா போட்ட கோடு. ஒன்பது வருஷமா முள்ளு இதுலதான் நிக்குது. வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி போகும். அவ கணக்கு தப்பாது."

"சரி, ஏறுங்க. ஓட்டிப் பாப்போம்."

வழக்கம்போல மெக்கானிக் மூக்கை ஒட்டிய முன்னிருக்கையில் உட்கார்ந்தான். முள் கோட்டைத் தொட்டது. படகு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் பறந்தது.

"பாத்தியா! நீ வந்தா பூனையாட்டம் போகுது. தனியாப் போனா பேயாட்டம் ஆடுது. என்னடா கோளாறு?"

மெக்கானிக் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிபடலை மாமா. எனக்குத்தான் தொழில் பத்தலை. கண்டுபிடிக்கிற வரைக்கும் தினமும் காலையில நானும் கூட வரேன். படகை மட்டும் விக்காதீங்க."

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!" என்றார் மாமா. குரலில் கோபம் பாதியாகியிருந்தது.

கோளாறு எதுவும் இல்லை என்பது முதல் நாளே அவனுக்குத் தெரியும். ஒன்பது வருடம் இந்த முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்த அக்கா போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதமாகிறது, அவள் கனம் இல்லாமல்தான் மூக்கு குதிக்கிறது என்று இவரிடம் எந்த வாயால் சொல்வது?