கோதண்டபாணி தேர்ந்தெடுத்த அணி

ஒவ்வொரு கிரிக்கெட் ஆட்டத்துக்கும் ரசிகர் ஒருவரே அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி வந்தபின், ஒருமுறை குலுக்கலில் உறையூர் கோதண்டபாணியின் பெயர் விழுந்தது. தொடக்க ஆட்டக்காரன் இளஞ்சேரனை டிவி முன்னால் உட்கார்ந்து ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பவர் அவர்.

“முதல் வேலையா அவனைத் தூக்குறேன் பாரு,” என்றார் மனைவி அமிர்தவல்லியிடம்.

ஆனால் யாரை நீக்கினாலும் அந்த ஆட்டக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. அதற்கென்று அனுப்பியிருந்த கருவியின் பொத்தானைக் கோதண்டபாணி அழுத்தியதும் இளஞ்சேரனின் ஒளியுருவம் கூடத்தில் வந்து நின்றது. டிவியில் பார்த்ததைவிட ரொம்ப ஒல்லியாக இருந்தான்.

“நான் என்ன தப்பு பண்றேன்னு நீங்களாவது சொல்லுங்க சார். தூக்கமே வர மாட்டேங்குது.”

கோதண்டபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாப்டியாப்பா?”

“இன்னும் இல்ல சார்.”

“முதல்ல போய்ச் சாப்பிடு. நாளைக்கு நீதான் ஓப்பனிங்.”

மறுநாள் இளஞ்சேரன் முதல் பந்திலேயே போல்டு ஆனான். தெருவே திரண்டு வந்து வாசலில் நின்று கத்தியது. கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“அது நல்ல பந்துய்யா! எவனா இருந்தாலும் அவுட்தான்!”

“ஃபுல் டாஸுங்க அது,” என்றாள் உள்ளேயிருந்து அமிர்தவல்லி.