அஞ்சரை மணிப் பாட்டு

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார் பக்தவத்சலம். கத்தினால்தான் உள்ளே மனைவி மரகதத்துக்குக் காதில் விழும். பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அந்தமானில், அபர்டீன் பஜாருக்கு மேலே, மேட்டில், ஒரே தகரக் கூரையின் கீழ் மூன்று சர்க்கார் பலகை வீடுகள். இந்தக் கோடியில் தூத்துக்குடி அல்போன்ஸ், கப்பல் பட்டறையில் ஃபிட்டர். அந்தக் கோடியில் பக்தவத்சலத்தின் ஆபீசர், சட்டர்ஜி சாப். பங்களா காலியாகும்வரை தற்காலிகமாக வந்தவர், மூணு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிறார். நடு வீட்டில் நம்ம கிளார்க் பக்தவத்சலம்.

அது இங்கிலீஷ் பாட்டு. கப்பலில் வந்த ஒரு மாலுமி அல்போன்ஸுக்குக் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டு. முதலில் கிடார் உறுமும். அப்புறம் டிரம் இடிக்கும். அப்புறம் ஒருத்தன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்ட துக்கத்தில், அடிவயிற்றிலிருந்து அலறுவான். தினம் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு இதே அலறல்தான், திரும்பத் திரும்ப.

“பல்வலிக்காரன் மாதிரி கத்தறான். எத்தனை வருஷம்தான் கேட்கிறது இதையே?”

“நல்லாத்தானே இருக்கு” என்றாள் மரகதம். ஆட்டுக்கல்லில் அவள் கை டிரம்முக்குத் தப்பாமல் சுற்றியது.

“சரிதான்! உனக்கும் பிடிச்சுப்போச்சா?”

“உங்க கால் மட்டும் ஏன் ஆடுது?”

பக்தவத்சலம் குனிந்து பார்த்தார். ஆமாம், கால் ஆடிக்கொண்டிருந்தது.

“கொசு கடிக்குது!”

காப்பி வந்தது. உட்கார்ந்தார். பாட்டுக்கு மேலே குரலை ஏற்றித் தன் வழக்கமான கச்சேரியைத் தொடங்கினார்.

“அந்த மண்டூகம் இன்னிக்கு என்ன பண்ணிச்சு தெரியுமா? நான் போட்ட கூட்டலைத் தப்புங்குது! இதையெல்லாம் ஆபீசராப் போட்டவனைச் சொல்லணும்.”

“ஐயோ, மெல்லப் பேசுங்க. அந்தப் பக்கம்தானே அவர் இருக்கார்? ஹெட் கிளார்க் வேலைக்கு உங்க பேரை அவர்தான் எழுதணும். இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் ரிட்டயர்மென்ட்தான்.”

“அட போடி! பெங்காலிக்கு எங்கேடி தமிழ் தெரியும்? ஆபீஸ்ல ஹிந்தி, வீட்ல பெங்காலி. அந்தமான்ல இது ஒண்ணுதான் சௌகரியம். ஊர்ல இப்படி வாய்விட்டுத் திட்ட முடியுமா?”

ஆசை தீரத் திட்டினார். திட்டி முடித்த தெம்போடு எழுந்து நேரே அல்போன்ஸ் வீட்டுக்குப் போனார்.

“இத பாருப்பா. நாளையிலிருந்து இந்தப் பாட்டு கேட்கக் கூடாது.”

அல்போன்ஸ் தலையைச் சொறிந்தான். “வேற எதுன்னாலும் கேளுங்க அண்ணாச்சி. இத மட்டும் நிறுத்த முடியாது.”

“ஏன் முடியாது?”

“முடியாது அண்ணாச்சி. முதல்ல எனக்கே காது வலிச்சுச்சு. இப்ப ஒரு நாள் கேக்கலன்னா சோறு இறங்க மாட்டேங்கு.” சொல்லிவிட்டு, கடைசி வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

“அவ்வளவு திமிரா! உன்னைக் குவார்ட்டர்ஸை விட்டே கிளப்பறேன், பார்.”

சொன்னபடியே மறுநாள் காலை ஆபீசர் அறைக்குள் நுழைந்தார். ஆபீசில் பக்தவத்சலம் பூனையைக் கண்ட எலி. கையைக் கட்டி, முதுகை வளைத்து, அழாத குறையாக ஹிந்தியில் ஆரம்பித்தார்.

“சாப், பஹுத் தக்லீஃப் ஹை...” ரொம்பத் தொல்லை என்று அல்போன்ஸ், பாட்டு, தலைவலி, எல்லாவற்றையும் கொட்டினார். அவனை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி சாப்தான் உத்தரவு போட வேண்டும் என்று முடித்தார். “உங்களுக்கும்தானே சாப் தொந்தரவு?”

சட்டர்ஜி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உட்காருங்க, பக்தவத்சலம்.”

தமிழ்! அதுவும் அப்பழுக்கில்லாத திருச்சித் தமிழ்!

பக்தவத்சலம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ரொம்ப வருஷம் திருச்சியிலதான் வேலை பார்த்தேன். இங்க குடிவந்த முதல் வாரம், நீங்க என்னைப் பத்திப் பேசினது ஒரு வார்த்தை விடாம என் காதுல விழுந்தது. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உங்களைத் தெற்குக் கோடித் தீவுல இருக்கிற கேம்பல் பேவுக்குத் தூக்கி அடிச்சிருப்பேன்.”

பக்தவத்சலம் எழுந்து மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஆனா வேலையில நீங்க கெட்டிக்காரர். வாய் பண்ற தப்புக்கு வயித்துல அடிக்கறதா? அதனால அல்போன்ஸைக் கூப்பிட்டேன். உன்கிட்ட இருக்கிறதிலேயே சத்தமான பாட்டு எது, அதைத் தினம் அஞ்சரைக்குப் போடுன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். பாட்டு ஓடினா உங்க குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. முதல் மாசம் கஷாயம் மாதிரி குடிச்சேன். இப்ப, சத்தியமாச் சொல்றேன், அந்த ஆள் அலறினாத்தான் எனக்கு அன்னிக்கு ஆபீஸ் முடிஞ்ச மாதிரி இருக்கு.”

“சார்... நான்... மன்னிச்சு...”

“ஹெட் கிளார்க் வேலைக்கு நேத்துதான் உங்க பேரை மேலே எழுதி அனுப்பினேன். ஆர்டர் வர ஒரு மாசமாவது ஆகும்.” சட்டர்ஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இப்ப நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் பாட்டை நிறுத்தச் சொல்லட்டுமா, இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லட்டுமா?”