அப்பா பார்க்க வந்த ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடியப் பன்னிரண்டு நொடிதான் பாக்கி. நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம்.

புற்றுநோய் முற்றிய தன் அப்பா சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பதை மைதானத்தின் பெரிய திரையில் பார்த்து, எங்கள் ஆட்டக்காரன் லமான்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பயிற்சியாளர் ஹால்வர்சன் அவன் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார். “கடைசியா எறியுற பந்து உனக்குத்தான்டா. உங்கப்பா பாக்கணும்ல?”

லமான்ட் உயிரைக் கொடுத்து ஓடினான். எதிரணியில் மூன்று பேர் அவனையே துரத்தினார்கள். ஆளில்லாத மறுபக்கத்தில் எங்கள் அணியின் வேறொருவன் பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். டச்டவுன்! ஆறு புள்ளிகள். ஜெயித்துவிட்டோம்.

“எனக்குன்னு சொன்னீங்களே, கோச்?”

“நீ நம்பினாத்தானேடா அவனுங்க நம்புவானுங்க? பின்ன எதுக்கு உங்கப்பாவை ஆம்புலன்ஸ்ல வரவழைச்சேன்?”

பிறகு, உதவிப் பயிற்சியாளனான என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேற யார் வீட்ல சாகக் கிடக்காங்கன்னு விசாரிச்சு வை.”